அரிட்டாபட்டியைப் பதிவிடும் முன்



வரலாறு, விலங்கியல், சுற்றுலாவியல் படித்து இன்று பட்டம் பெறும் உங்கள் எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு மலையை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மலை, மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் உள்ள அரிட்டாபட்டி.

அங்கே கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைமையான தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகள் இருக்கின்றன. பக்கத்திலேயே சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம். அதை அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்தார் என்றும், காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி ஊராருடையது என்றும் வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. செய்வித்தவர் பெயரோடு காக்கிற ஊராரையும் சேர்த்து வெட்டிவைத்த அந்த மனம் என்னை மிகவும் தொடுகிறது. இன்னொரு பக்கம் சிவன் குடைவரை, அதில் சிவனின் வடிவமான இலகுலீசர் சிற்பம். செங்குத்துப் பாறைகளில் லகர் வல்லூறும் ஷாகின் வல்லூறும். புதர்களில் தேவாங்கு, அலங்கு என்ற எறும்புத்தின்னி. சுமார் 250 வகைப் பறவைகள் பதிவான இந்த இடத்தில் 193.42 ஹெக்டேரை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டில், அந்தப் பரப்பையும் உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர்கள் கொதித்தெழுந்தன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன; விவசாயிகள் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 சனவரியில் ஏலம் ரத்தானது. வென்றது அந்த மக்களின் கால்கள்தான். ஆனாலும் அந்த மலையில் அப்படி என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்டபோது எடுத்துக்காட்டப் படங்களும் பறவைப் பட்டியல்களும் கல்வெட்டு வாசகங்களும் தயாராக இருந்தன. அவற்றைப் பல ஆண்டுகளாகச் சேர்த்தவர்களில் உங்களைப் போன்ற ஆர்வலர்கள் பலர். நல்ல பதிவுக்கு இத்தனை பயன் உண்டு.

கெட்ட பதிவின் கேடும் சிறிதல்ல. வல்லூறு கூடு கட்டியிருக்கும் பாறையின் முன் டிரோன் பறந்தால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும். முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். தேவாங்கையும் அலங்கையும் பிடித்து விற்கிறவர்களும் ரீல்ஸ் பார்க்கிறார்கள். ஆகவே இவற்றின் படத்தோடு இடக்குறி போடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்கள் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் இருப்பிடத்தைத் தாமாகவே மங்கலாக்கிக் காட்டுகின்றன. இன்ஸ்டாகிராமில் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். வல்லூறு எப்படி வேட்டையாடும், ஏன் பாறையில் முட்டையிடும் என்பதையெல்லாம் எந்தப் பாறை என்று காட்டாமலே சுவையாகச் சொல்லலாம்.

கல்வெட்டுக்கு வருகிறேன். படத்தில் எழுத்து தெரியட்டும் என்று சிலர் வெட்டுக்குழியில் சாக்பீஸ் தேய்க்கிறார்கள். எழுத்தைத் தவறாகப் படித்துத் தேய்த்தால், அடுத்து வருகிறவரும் அந்தத் தவறையே படிப்பார். கல்லும் கெடும். அதற்குத் தேவையே இல்லை. வெயில் சாய்வாக விழும் வேளையிலோ, அது கிடைக்காத குகையில் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலோ, ஒவ்வொரு கோடும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த ஒளி எழுத்தின் மேல் நகர்வதைப் படம் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி, என்ன ஓசை என்று சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சேர்ந்து படிக்கும். 'உலகிலேயே பழைமையானது' என்ற தலைப்பு வேண்டாம். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் தமிழிக் கல்வெட்டுகளை வாசித்துக் காலத்தோடு தொகுத்து 2003-இல் நூலாகவே தந்திருக்கிறார். புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சரியான காலமே போதுமான வியப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஊராரைக் கேளுங்கள். எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, மழைத் தண்ணீர் எந்தப் பாறைச் சரிவில் இறங்கி எந்தக் கண்மாய்க்குப் போகும் என்பது ஆடு மேய்க்கிற அண்ணனுக்குத் தெரியும். அவர் அனுமதியோடு படம் எடுங்கள். அவர் சம்மதித்தால், அவர் சொன்னது என்று பெயரோடு போடுங்கள். பொதுவில் ஏற்றும் முன் அந்த வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். பிழை இருந்தால் சொல்வார்கள். இதைக் காட்ட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டால், எவ்வளவு அழகான காட்சியாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.