வெயிலில் நடக்க வேண்டிய தூரம்

(காவல் பயிற்சியாளர்களுக்கான நீதிநெறிக் கருத்தரங்கைத் தொடங்கிவைத்து ஆற்றிய தலைமை உரை)



அக்கிராசனம் வகிப்பவன் சுருங்கப் பேசிப் பிறருக்கு வழிவிட வேண்டும் என்பது சபை மரபே ஆயினும், வாழ்நாளில் பெரும்பகுதியை செஷன்ஸ் கோர்ட்டுகளில் வாதாடியும் எஞ்சியதைச் சட்டக் கல்லூரியில் கற்பித்தும் கழித்துவிட்ட ஒருவனுக்கு அந்த விவேகம் எளிதில் வாய்ப்பதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போலீஸ் அதிகாரிகளின் முன்னிலையில் செய்யப்படும் இந்த ஒப்புதல் எனக்கு எதிராகச் செல்லாது என்ற தைரியமும் எனக்கு உண்டு.

இந்த வேடிக்கையையே இன்றைய விஷயமாகக் கொள்ள உத்தேசிக்கிறேன். குற்றவியல் சட்டத்தைப் படிக்கப் புகும் காவல் பயிற்சியாளர் எவரையும் முதன்முதலில் உறுத்துவது, போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் செய்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்ற விதிதான். பெட்டிக்கடைக்காரரிடம் சொன்னால் அவர் சாட்சி சொல்லலாம்; கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் அவரும் சொல்லலாம்; அரசாங்கம் சீருடை கொடுத்து, சம்பளம் கொடுத்து நியமித்த நான் மட்டும் பொய்யனா என்று வகுப்பில் ஒரு மாணவர் என்னிடம் முகம் சிவக்கக் கேட்டிருக்கிறார். (நம் பக்கத்துக் கொலை வழக்குகளில் கொலை செய்தவர்கள் அத்தனை பேரும் நேரே கிராம நிர்வாக அலுவலரைத் தேடிச் சென்று மனம் திறப்பதன் ரகசியம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.) அந்த மாணவரின் கோபம் நியாயமானது, அதற்குச் சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லுவது பதிலாகாது, சரித்திரத்தைச் சொல்லுவதே பதில்.

இவ்விதி லண்டனில் பிறந்து கப்பலேறி வந்தது என்று நினைப்பவர்கள் பலர். இங்கிலாந்தில் இத்தகைய முழு விலக்கு இருந்ததே இல்லை. அது முளைத்தது இந்த மண்ணில், அதிலும் பெரும்பங்கு பழைய சென்னை ராஜதானியின் அனுபவத்தில். 1816-ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி தீர்வை வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவராக இருந்தார். வசூல் செய்யும் கையும் தண்டிக்கும் கையும் ஒன்றானால் குடியானவன் கதி என்னவாகும் என்பதற்கு, 1854-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்த கூச்சலின் விளைவாக நியமிக்கப்பட்டு 1855-இல் சென்னைக் கமிஷன் வெளியிட்ட சித்திரவதை விசாரணை அறிக்கையே சாட்சி. இரண்டு குச்சிகளுக்கிடையே விரல்களைக் கொடுத்து நெரிக்கும் கிட்டி அந்த ஆங்கில அறிக்கையில் தமிழ்ப் பெயரோடே இடம்பெற்றிருக்கிறது. குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் முறையும் அப்படியே. நம் மொழி உலகத்துக்குக் கொடுத்த சொற்களில் இவையும் சேர்ந்திருப்பது நமக்குப் பெருமையன்று. அவ்வறிக்கைக்குப் பின்னரே போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்து 1859-இல் சென்னைக்குத் தனிச் சட்டம் வந்தது. இரண்டாண்டுக்குள் அகில இந்தியாவுக்கும் ஒரு போலீஸ் சட்டம் வந்தது. அதே 1861-இல் குற்ற நடைமுறைச் சட்டத்தில் புகுந்த ஒப்புதல் விலக்கு, 1872-இல் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாகி, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23-ஆம் பிரிவாக எண்ணும் பெயரும் மாறி, பொருள் மாறாமல் நிற்கிறது. 1860-இன் தண்டனைச் சட்டத்தில், ஒப்புதல் பெறுவதற்காகக் காயப்படுத்தும் குற்றத்தை விளக்க எழுதிய முதல் உதாரணத்தில் வரும் குற்றவாளி ஒரு போலீஸ் அதிகாரியே. உதாரணத்துக்கு வேறு ஆள் கிடைக்காமலா அப்படி எழுதினார்கள்?

போலீஸ் சித்திரவதைக்குக் காரணம் என்னவென்ற பேச்சு எழுந்தபோது அனுபவமிக்க ஓர் அதிகாரி சொன்னதை, சாட்சியச் சட்டத்தை இயற்றிய ஸ்டீபன் எழுதி வைத்திருக்கிறார்; குரூரம் என்று அவ்வதிகாரி சொல்லவில்லை. அதில் பெரும்பங்கு சோம்பல் என்று சொன்னார். நிழலில் உட்கார்ந்து ஒருவனை வதைப்பது சுலபம், வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவது கஷ்டம் என்பது அவர் கருத்தின் சாரம். நான் படித்த குற்றவியல் நூல்கள் அனைத்திலும் என் மனத்தில் நிலைத்த அபிப்பிராயம் இது ஒன்றே. காவல் தொழிலின் தர்மத்தைக் கருணை, அஹிம்சை என்ற பெரிய சொற்களால் உங்களுக்குப் போதிக்க நான் வரவில்லை. சந்தேகத்துக்கும் நிரூபணத்துக்கும் இடையில் வெயிலில் நடக்க வேண்டிய ஒரு தூரம் உண்டு, அதை நடந்தே கடக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது என்பதைச் சொல்லவே வந்தேன்.

சட்டம் அந்த நடைக்குத் துணை செய்யாமலும் இல்லை. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய அளவுக்கு அந்தத் தகவல் சாட்சியமாகும். இந்த அளவு எவ்வளவு என்பதை, சென்னை ஹைகோர்ட்டிலிருந்து சென்ற புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் 1946-இல் தெளிவாக்கியது. வீட்டுக் கூரையில் கத்தியைச் செருகி வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், கத்தி அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும் என்பது மட்டும் நிரூபணமாகும். இன்னானை அதைக் கொண்டுதான் குத்தினேன் என்று அதே மூச்சில் அவன் சேர்த்துச் சொன்னால் அந்த வால் அறுந்து விழும். கூரை ஓலையில் கத்தி இருந்தது வேறு, அது ஒருவன் வயிற்றில் பாய்ந்தது வேறு. இரண்டையும் இணைக்க ரத்தப் பரிசோதனையும் கண்ட சாட்சியும் தேவை. அவற்றைத் தேடிப் போவதுதான் நான் சொன்ன வெயில்.

குறுக்கு வழியில் போனால் யாருக்கு நஷ்டம் என்பதற்கு நானே பார்த்த ஒன்றைச் சொல்லுகிறேன். எந்த ஊர், எந்த நிலையம் என்பது வேண்டாம். ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கில் நான் எதிர்த்தரப்புக்கு ஆஜரானேன். நிலையத்தின் பொது நாட்குறிப்பைக் கோர்ட்டில் வரவழைத்தபோது, பக்கம் முழுவதும் முத்துமுத்தாக இருந்த ஏட்டையாவின் எழுத்து, கைதான நேரத்தைக் குறிக்கும் இடத்தில் மட்டும் எறும்புச் சாரிபோல் நெருங்கிச் சிறுத்திருந்தது. இரண்டு வரி இடம் விட்டுவைத்துப் பிறகு மூன்று வரி எழுதினால் அப்படித்தான் ஆகும். நீதிபதி அதைப் படிக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் கண்ணாடியை மாட்டினார், கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்; தாம் எழுதியது தமக்கே படிக்க வரவில்லை. என் கட்சிக்காரன் விடுதலையானான். அவன் அந்தச் சங்கிலியைப் பறித்திருக்கலாம். எனக்கே அந்தச் சம்சயம் இன்றும் உண்டு. வராந்தாவில் நின்றிருந்த கிழவி, மூன்று சவரனை இழந்தவள், என் கறுப்புக் கோட்டைப் பார்த்து நான்தான் நீதிபதி என்று எண்ணினாளோ என்னவோ, "அப்போ என் சங்கிலி யாருகிட்டதான் சாமி இருக்கு?" என்று கேட்டாள். அன்று கட்சிக்காரன் நீட்டிய பீஸ் என் பையில் கனத்தது.

கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது, கைதுக் குறிப்பாணை எழுதி உறவினருக்குத் தெரிவிப்பது, பெயர்ப் பட்டை அணிவது, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை செய்விப்பது முதலியவற்றை உங்கள் ஆசிரியர்கள் விரிவாகச் சொல்லுவார்கள். இவற்றுள் பலவற்றை விதித்த டி. கே. பாசு வழக்கு, காவல் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டி 1986-இல் பிரதம நீதிபதிக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் தொடங்கி, 1996-இல்தான் முடிந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச அனுமதியுங்கள். நம் தமிழ்க் குற்றப் பத்திரிகைகளில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்று எழுதுகிறோம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசை வைக்கிறோம். வழக்கில் எதிரே நிற்பவன் என்ற பொருளில்தான் அச்சொல் வந்திருக்க வேண்டும். ஆனால் தினமும் பத்துத் தடவை ஒருவனை எதிரி என்று எழுதும் கை, அவனைப் பகைவன் என்று எண்ணப் பழகாமல் இருக்குமா? செய்தித்தாள்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கைதான அன்றே குற்றவாளி என்று தலைப்பிட்டு விடுகின்றன. அகராதியைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை. மனத்துக்குள் அச்சொல்லை எந்தப் பொருளில் வைத்துக்கொள்கிறீர்கள் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் விசாரியாமல் தண்டித்ததைப் பற்றி மேடைதோறும் பேசியாயிற்று. கொலைக்களக் காதையில் வரும் ஊர்க் காவலர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கோவலனைக் கண்டதும் அவர்களுக்கு முதலில் தோன்றியது, இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்லன் என்ற எண்ணமே. பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்து, கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், மருந்து முதலிய எட்டையும் நிபுணனைப்போல் எண்ணிக் காட்டுகிறான். அதைக் கேட்ட காவலன் ஒருவன் முன்பு தன் எதிரே வந்து தப்பிய திருடனின் கதையைச் சொல்லி, இவனை விட்டால் அரசன் நம்மை ஒறுப்பானே என்று கலங்குகிறான். கல்வியற்ற குடிகாரன் ஒருவனின் வாள் அப்போது பாய்ந்துவிடுகிறது. நல்ல சம்சயம், அதைக் குலைக்கும் நிபுணப் பேச்சு, மேலதிகாரியைப் பற்றிய பயம், பிறகு யாரோ ஒருவனின் அவசரக் கை: இந்த வரிசையைவிடத் துல்லியமான ஒன்றை உங்கள் பாடப்புத்தகங்கள் தரமாட்டா. அந்த வாள் ஓங்கிய கையைவிட, முதலில் சந்தேகித்துப் பிறகு வாயடைத்து நின்றவர்களைப் பற்றியே நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்ததை இந்த மேடையில் சொல்லாமல் விடுவது நாகரிகம் ஆகாது. அவர்கள் நிலையத்தில் இருந்த இரவில் அங்கே பணியிலிருந்தவர்களுள் ஒருவர் பெண் தலைமைக் காவலர். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், தம்மோடு வேலை செய்பவர்கள் வெளியே நடமாடிக்கொண்டிருக்க, அச்சத்தோடேயே அவர் தாம் கண்டதைச் சொன்னார். சொன்னதற்குக் கையெழுத்தும் இட்டார்.