வயிற்று டயலிசிஸ்: தண்ணீர்க் கணக்கு நம் கையில்



சிறுநீரகம் பழுதானவர்களில் சிலருக்கு இப்போது வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே டயலிசிஸ் செய்யச் சொல்லுகிறார்கள். 2 லீற்றர் அளவு மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலும் நாளைக்கு 4 தடவை. வாரம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் கணக்கு வீட்டுக்காரர் கையில்.

கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோ கழிக்கிறார்களே, அந்தக் கணக்குத்தான். 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோ. இரண்டு நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். தினமும் காலையில், வயிற்றுத் தண்ணீரை எடுத்த பிறகு, ஒரே தராசில் நிறுத்து கொப்பியில் எழுதுங்கள். உள்ளே விட்டதும் வெளியே வந்ததும் எவ்வளவு என்றும் எழுதுங்கள். நிறை ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நிறை இறங்கி, தலை சுற்றி, கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் தண்ணீர் அதிகம் போய்விட்டது என்று நினைக்கலாம். அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். சீனிச்சத்துக் கூடிய பை அதிகத் தண்ணீரை இழுக்கும். பையை நாமாக மாற்றக் கூடாது.

உப்பைக் குறை என்றால் நம் வீட்டில் அது கருவாடும் கட்டச் சம்பலும்தான். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்க யாராலும் முடியாது, தாகம் விடாது.

விட்ட தண்ணீர் சரியாக வராவிட்டால் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். பல நேரம் மலச்சிக்கல்தான் காரணம். கலங்கலாக வந்தால் அது கிருமி. அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.

முதல் வாரங்களில் குழாய் ஓரமாகக் கசியலாம், பிறப்புறுப்பு வீங்கலாம். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், மறைக்காதீர்கள். தண்ணீரின் அளவைக் குறைத்தோ சில நாள் நிறுத்தியோ சரிசெய்வார்கள். பாரம் தூக்கினால் கசிவும் குடலிறக்கமும் வரும். தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமப்பது இவர்களுக்கு ஆகாது.

இங்கேதான் சங்கத்துக்கு வேலை. டாக்டர் கடிதம் காட்டிய ஒரு அக்காவிடம், "மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். இலேசான வேலை, முழுப் பேர் என்று எழுத்தில் கேட்போம். லயக் காம்பராவில் பை மாற்றக் கதவு சாத்திய ஒரு மூலை வேண்டும், கை கழுவ பீலியில் தண்ணீர் வர வேண்டும். அதையும் சேர்த்துக் கேட்போம். தராசைக் கிளை நிதியில் வாங்கலாம்.

புதன்கிழமை துரையைச் சந்திக்கிறோம். சிகிச்சையில் உள்ளவர்களைத் தலைவிமார் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அதற்கு முன் பெயரைத் தாருங்கள்.