கட்டணம் ஜூனில், உதவித்தொகை மார்ச்சில்

(முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளை பிறந்ததுமே படிப்புக்குச் சேமியுங்கள்" என்று வங்கி விளம்பரங்கள் சொல்கின்றன. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அது நல்ல யோசனைதான். கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற வீட்டில் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்? விற்க நிலம் இல்லை. அடகு வைக்க ஒரு ஜோடிக் கம்மல் இருந்தால் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொத்துச் சேர்க்க விடாமல் தடுத்துவிட்டு, "இவர்களுக்குத் திட்டமிடத் தெரியாது" என்கிறது சாதிச் சமூகம்.

அதற்குத்தான் அரசு உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். ஆம், இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 இல் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலம் அது. அந்தத் தொகை இல்லையென்றால் முனைவர் பட்ட ஆய்வாளராக நான் உங்கள் முன் நின்றிருக்க மாட்டேன். அது சலுகை அல்ல, உரிமை.

ஆனால் நம் வீடுகளில் சிக்கல் தொகையில் மட்டும் இல்லை, தேதியில் இருக்கிறது. நான் இளங்கலை படித்தபோது கல்லூரி ஜூனில் பணம் கேட்டது. உதவித்தொகை அடுத்த மார்ச்சில் வந்தது. இடையில் இருந்த ஒன்பது மாதத்தையும் என் அம்மா மகளிர் குழுக் கடனில் தாண்டினார். அரசின் தாமதத்துக்கு வட்டி கட்டியது என் அம்மா.

2024 இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. அப்பா தினக்கூலி. ஐ.ஐ.டி.களில் பி.டெக். படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பம் அந்தப் பணத்தைப் புரட்டி முடித்தபோது கெடு நேரம் தாண்டிவிட்டது, இடம் போய்விட்டது. சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் உச்சநீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த இடத்தை மீட்டுக் கொடுத்தது. "தகுதி, தகுதி" என்கிறார்களே, அந்தத் தகுதி அவரிடம் இருந்தது. சில நாளுக்குள் 17,500 ரூபாய் கைமாற்றாகக் கொடுக்கிற சொந்தக்காரர்தான் இல்லை. உச்சநீதிமன்றம் வரை போக முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்?

வருமான வரம்பையும் பாருங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 21,000 ரூபாய் வந்தாலே நீங்கள் வெளியே. 2019 இல் கொண்டுவந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சம். முன்னேறிய சாதிக்கு 8 லட்சம் ஏழ்மை, நமக்கு 2.5 லட்சத்துக்கு மேல் வசதியா?

போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த ஆண்டு சேரப்போகும் பிள்ளைக்கு இந்த ஆண்டே வழி வேண்டும். அதனால் சிலவற்றைச் சொல்கிறேன்.

தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு வழியாகவே சேருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உதவித்தொகை கிடைக்காது. தரகர் அதைச் சொல்ல மாட்டார். தகுதியுள்ள மாணவர் முன்கூட்டிக் கட்டணம் கட்டாமலே சேரலாம், உதவித்தொகை வந்தபின் கட்டினால் போதும் என்று 2021 மத்திய வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. கல்லூரி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், தனியாகப் போகாமல் அமைப்போடு போங்கள். கடன் தவிர்க்க முடியாதென்றால் நுண்கடன் நிறுவனத்துக்குப் போகும் முன் வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பிள்ளையின் பேருந்துக்கும் புத்தகத்துக்குமான பணம். வீட்டுக் கடனுக்குத் திருப்பிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் ஒருவருக்குத்தான் போதும் என்கிறபோது நம் வீடுகளில் யார் நிறுத்தப்படுகிறார்? பெரும்பாலும் அக்காவோ தங்கையோதான். தம்பியின் பொறியியலுக்காக ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன அக்காக்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்! சாதியை எதிர்க்கும் வீட்டில் இந்தக் கணக்கு நடக்கக் கூடாது. வரவு, கடன், வட்டி எல்லாவற்றையும் பெண் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். முடிவு எல்லோருடையதாகவும் இருக்கட்டும்.

பணம் இல்லை என்பது வீட்டுக்குள் மறைக்க வேண்டிய அவமானம் அல்ல, வெளியே கேட்க வேண்டிய கேள்வி. கல்லூரி பணம் கேட்கும் மாதத்திலேயே உதவித்தொகை வர வேண்டும். வருமான வரம்பு உயர வேண்டும். அதுவரை அந்த ஒன்பது மாத இடைவெளியை எந்த அம்மாவும் தனியாகத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, ஏற்கெனவே படித்து மேலே வந்த நம் கடமை.