பணியிட அமைப்புகளைத் திருத்துதல்: சிறு மாற்றமும் பெரும் பொறுப்பும்



ஓர் அலுவலகத்தின் விதியொன்றைத் திருத்த வேண்டுமாயின் விதிநூல் முழுவதையும் எவரும் புதிதாக எழுதுவதில்லை. இன்ன விதியில், இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல் அமைக என்று ஒரு திருத்த ஆணை பிறப்பிக்கப்படுகிறது. ஆணையில் குறிக்கப்படாத விதிகள் இருந்தபடியே நீடிக்கின்றன. ஆணைக்கு எண் உண்டு, நாள் உண்டு, ஒப்புதல் அளித்த அலுவலரின் கையொப்பம் உண்டு. நிருவாகத்தில் நெடுங்காலமாக ஊறிய இவ்வொழுங்கு, கணிப்பொறிக் கட்டமைப்பை ஆளும் பணிக்கும் இன்று தேவைப்படுகிறது.

பொதுமக்களுக்கான சேவைகள் கணிப்பொறியைச் சார்ந்து நிற்கும் காலம் இது. தேசியத் தகவலியல் மையம் 1976-இல் அமைக்கப்பட்டது. 'மேக்ராஜ்' முயற்சியின் கீழ், அரசுத் துறைகளுக்கான தேசிய மேகக் கணிமைச் சேவை 2014-இல் தொடங்கப்பட்டது. சான்றிதழ்களைக் காக்கும் டிஜிலாக்கர் 2015-இலும், பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை 2016-இலும் வந்தன. இவை போன்ற சேவைகளுக்குப் பின்னால் சர்வர்களும், வலையமைப்புகளும், தரவுக் களஞ்சியங்களும் உழைக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அமைக்கும் முறை குறைந்து, வேண்டிய கட்டமைப்பை எழுத்தில் விவரித்து, அதனை ஒரு கருவியின் மூலம் உருவாக்கும் முறை உலகெங்கும் பரவியுள்ளது.

அத்தகைய கருவிகளுள் புகழ்பெற்றது டெராஃபார்ம். ஹாஷிகார்ப் நிறுவனம் இதனை 2014-இல் வெளியிட்டது. 2023-இல் அதன் உரிம விதிகள் மாற்றப்பட்டபோது, பழைய திறந்த உரிமத்தைத் தொடரும் பொருட்டு ஓபன்டோஃபு என்னும் கிளைக் கருவி தோன்றியது. 2025-இல் ஹாஷிகார்ப் நிறுவனத்தை ஐ.பி.எம். வாங்கியது. கருவி செயற்படும் முறை எளிது. முதலில், எவை உருவாகும், எவை மாறும், எவை அழியும் என்று காட்டும் திட்டம் தயாராகிறது. அதன் பின்னரே செயலாக்கம்.

பணியிடம் என்பது யாது?

பெரிய நிறுவனங்கள் இக்கருவியை எச்.சி.பி. டெராஃபார்ம் என்னும் பொதுச் சேவையின் வழியாகப் பயன்படுத்துகின்றன. அங்கே ஒவ்வொரு கட்டமைப்புத் தொகுதிக்கும் ஒரு பணியிடம் ஒதுக்கப்படுகிறது. அத்தொகுதியின் தற்போதைய நிலைப் பதிவு, அதற்குரிய மாறிகள், நடந்த ஓட்டங்களின் வரலாறு ஆகியவை அதில் அடங்கும். அதன் நடத்தையை நிர்ணயிப்பவை அமைப்புகள்.

அமைப்புகள் பார்வைக்குச் சிறியவை. பல, ஆம் அல்லது இல்லை என்னும் ஒற்றை விடையில் அடங்குபவை. ஆனால் அவை முடிவு செய்வது அதிகாரத்தை. 'ஆட்டோ அப்ளை' என்னும் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். அது இல்லை என்றிருக்கும் வரையில், தயாரான திட்டத்தை ஒருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். ஆம் என்று மாற்றினால், திட்டம் பிழையின்றித் தயாரானவுடன் தானே செயலாகிவிடும். ஒரு சொல்லின் மாற்றத்தால் ஒப்புதல் தரும் மனிதர் விலக்கப்படுகிறார். நிலைப் பதிவை அந்நிறுவனத்தின் எல்லாப் பணியிடங்களும் படிக்கலாமா என்பதை மற்றோர் அமைப்பு தீர்மானிக்கிறது. அப்பதிவில் கடவுச்சொற்களும் இடம்பெறக்கூடும். கருவியின் பதிப்பை உயர்த்துவது இன்னோர் அமைப்பு. புதிய பதிப்பு எழுதிய நிலைப் பதிவைப் பழைய பதிப்பால் படிக்க இயலாமற் போகலாம். ஆதலால் உயர்த்திய பின் இறங்கி வருவது எளிதன்று.

திருத்தத்தின் முறை

திரையில் சென்று இவற்றை மாற்றலாம். நூற்றுக்கணக்கான பணியிடங்கள் உள்ள இடத்தில் ஏ.பி.ஐ. என்னும் நிரல் இடைமுகத்தின் வழி மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்தது. அதற்குரிய கட்டளை 'பேட்ச்' எனப்படும். 2010-இல் இணைய நெறிமுறையாக வகுக்கப்பட்ட இக்கட்டளை, தொடக்கத்தில் சொன்ன திருத்த ஆணையைப் போன்றதே. அனுப்பிய செய்தியில் குறிப்பிட்ட அமைப்பு மட்டும் மாறும். குறிப்பிடாதவை அப்படியே இருக்கும்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஓர் அமைப்பைக் குறிப்பிடாமல் விடுவது வேறு. அதற்கு 'நல்' என்னும் வெறுமதிப்பை அளிப்பது வேறு. நிரல் களஞ்சியத்துடனான தொடர்பைச் செய்தியில் குறிப்பிடாவிட்டால் அத்தொடர்பு நீடிக்கும். வெறுமதிப்பு அளித்தால் தொடர்பு அறுந்துவிடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதப்படும் சிறு நிரல், ஒரே ஓட்டத்தில் நூறு பணியிடங்களின் தொடர்பையும் துண்டித்துவிடக்கூடும்.

வெற்றிடம் விளைத்த கேடு

நிரப்பப்படாத ஓர் இடம் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது சான்றாகும். 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஓய்வூதியச் சேமிப்பை நிர்வகிக்கும் யூனிசூப்பர் என்னும் அமைப்பு, கூகுள் நிறுவனத்தின் மேகக் கணிமையைப் பயன்படுத்தி வந்தது. அதன் தனிக் கணிமைத் தொகுதியை அமைத்தபோது, கூகுள் பணியாளர்கள் பயன்படுத்திய உட்கருவியில் ஒரு மதிப்பு நிரப்பப்படாமல் விடப்பட்டது. கருவி அதனை ஓராண்டுக் காலவரையறை எனக் கொண்டது. ஆண்டு முடிந்ததும் தொகுதி தானே அழிந்தது. வாடிக்கையாளர் கேட்டு நிகழ்ந்த அழிப்பு அன்று. ஆகவே முன்னறிவிப்பும் செல்லவில்லை. உறுப்பினர்கள் ஒரு வார அளவுக்குத் தம் கணக்குகளைக் காண இயலாமல் தவித்தனர். தனியே பேணப்பட்ட காப்பு நகல்களே சேவையை மீட்டெடுக்க உதவின.

இது டெராஃபார்மில் நேர்ந்ததன்று. ஆயினும் கட்டமைப்பை ஆளும் எந்தக் கருவிக்கும் பொருந்தும் பாடம் இதில் உண்டு. எழுதப்படாத மதிப்பையும் கருவி ஏதோ ஒன்றாகவே பொருள்கொள்கிறது. அப்பொருள் யாதென மாற்றுபவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

கடைப்பிடிக்கத்தக்க ஒழுங்கு

முதலாவதாக, மாற்றுவதற்கு முன் பணியிடத்தின் தற்போதைய அமைப்புகளைப் படித்துச் சேமித்தல் வேண்டும். மாற்றம் தவறாயின் திரும்பிச் செல்ல வேண்டிய இடம் அதுவே. இரண்டாவதாக, நடந்துகொண்டிருக்கும் ஓட்டங்கள் முடிந்த பின், பணியிடத்தைப் பூட்டிவிட்டு மாற்றுதல் நன்று. திட்டம் ஓரிடத்தில் தயாரான பின்னர், ஓட்டம் நிகழும் முறையை மாற்றினால், செயலாக்க வேளையில் அவ்வோட்டம் பிழையில் முடியும். மூன்றாவதாக, ஒரு முறைக்கு ஓர் அமைப்பையே மாற்றி, மீண்டும் படித்து ஒப்பிட வேண்டும். பல பணியிடங்களில் மாற்றுவதாயின், முக்கியத்துவம் குறைந்த ஒன்றில் முதலில் சோதித்தல் முறை. நான்காவதாக, பணியிடங்களைப் பெயரால் அன்றி அடையாள எண்ணால் குறிப்பது பாதுகாப்பானது. பெயர் மாறலாம், அடையாளம் மாறாது.

இவற்றினும் மேலான வழியொன்றும் உண்டு. பணியிடங்களின் அமைப்புகளையே டெராஃபார்ம் கோப்பில் எழுதி ஆளலாம். அப்போது ஒவ்வொரு மாற்றமும் கோப்பில் ஒரு வரியாகத் தோன்றும். மற்றொருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்புவார். இவ்வழியை மேற்கொண்டவர்கள், அதே அமைப்பைத் திரையிலோ ஏ.பி.ஐ. வழியாகவோ இடையில் மாற்றுதல் கூடாது. அவ்வாறு மாற்றினால், அடுத்த ஓட்டம் அதனை முரண்பாடு எனக் கண்டு பழைய நிலைக்கே மீட்க முற்படும்.

பதிவேடும் இன்றியமையாதது. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், கணிப்பொறி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்களுக்குப் பேண வேண்டும் என்றும், குறிப்பிட்ட பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தன. யார், எப்போது, எந்த அமைப்பை மாற்றினார் என்ற குறிப்பு இல்லாத இடத்தில் 6 மணி நேரத்தில் காரணம் தேடுவது எங்ஙனம்? ஏ.பி.ஐ.க்குரிய அனுமதிச் சாவியைப் பலர் பகிர்ந்துகொண்டால், பதிவு இருந்தும் பயனில்லை; அது சாவியைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டாது. எனவே ஒவ்வொரு பணிக்கும் தனிச் சாவியும், அப்பணிக்கு வேண்டிய அளவு உரிமையும் வழங்குதல் வேண்டும்.

கருவிகள் வேகம் தருகின்றன. ஒப்புதலையும் பதிவையும் மனிதரே ஏற்படுத்த வேண்டியிருக்கிறது. முதியோர் ஒருவரின் ஓய்வூதியமும், மாணவர் ஒருவரின் சான்றிதழும் கணிப்பொறித் தொகுதிகளின் வழியே வந்து சேரும் நாட்டில், அத்தொகுதிகளின் அமைப்பைத் திருத்தும் ஒவ்வொரு செய்தியும் ஓர் ஆணைக்குரிய கவனத்தோடு எழுதப்பட வேண்டும்.