வீட்டுக்கு வந்த கிளிக்குஞ்சு



மாடு, ஆடு, கோழி பற்றி இந்த நேரத்தில் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்குக் கிளி. கதிரைக் கொத்தித் தின்று நம்மை ஓட ஓட விரட்ட வைக்கிறதே, அதைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் யாராவது ஒரு நாள் கிளிக்குஞ்சோடு வந்து நிற்கத்தான் செய்கிறார்கள். அப்படி வருகிற குஞ்சுகளில் பல, பட்டினி கிடந்து சாவதில்லை. ஆசையாக ஊட்டியே செத்துப் போகின்றன. அதைத் தடுக்கத்தான் இந்தப் பேச்சு.

முதலில் எந்தக் கிளி என்று பார்த்துவிடுவோம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. கிளி ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்று கேட்காதீர்கள், அதுவும் குற்றம்தான். தை, மாசி தொடங்கிச் சித்திரை வரைக்கும் பச்சைக்கிளி பொந்தில் குஞ்சு வைத்திருக்கும். பட்டுப்போன தென்னையையோ பனையையோ வெட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். கிளி போய் வந்தால் இரண்டு மாதம் பொறுத்து வெட்டலாம். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், எட்டுகிற பொந்தானால் திரும்ப வையுங்கள். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு, சேர்த்துக்கொள்ளும். எட்டாத உயரமானால் ஓர் அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளை பிடிவாதமாகக் கிளி கேட்கிறான் என்றால் வழி இருக்கிறது. காக்டெயில் என்று கடைக்காரர்கள் சொல்கிற கொண்டைக்கிளி, ஆஸ்திரேலியாவைச் சொந்த நாடாகக் கொண்டது. கூண்டிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. இதை வளர்க்கத் தடையில்லை. மற்ற வெளிநாட்டுக் கிளிகள் பலவற்றுக்கு 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். அதனால் முதல் முறை வளர்க்கிறவர்களுக்குக் கொண்டைக்கிளியே போதும். வளர்ந்தால் 80 முதல் 100 கிராம் எடைதான் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷத்துக்கு மேலும் இருக்கும். பசுவின் காலத்துக்கு ஒப்பான காலம். வாங்குமுன் இதையும் யோசியுங்கள்.

வாங்கும்போதுதான் முக்கியமான இடம். "கண் திறக்காத குஞ்சா எடுத்துட்டுப் போங்க, நீங்களே ஊட்டுனா கையோட ஒட்டிக்கும்" என்பார்கள். இதைக் கேட்காதீர்கள். தானாகத் தின்னத் தெரிந்த குஞ்சும் நன்றாகவே பழகும். கொண்டைக்கிளிக் குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வர 4, 5 வாரம் ஆகும். தானாகத் தின்ன 7 முதல் 10 வாரம் ஆகும். கடையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தினையை எடுத்து உமியை உரித்து விழுங்குகிறதா? வாங்கலாம். வாயைத் திறந்து தலையை ஆட்டிக் கத்திக்கொண்டே இருக்கிறதா? இன்னும் இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே சின்னக் குஞ்சு வந்துவிட்டது, என்ன செய்ய என்று சிலர் கேட்பீர்கள். பாலும் வேண்டாம், வெறும் சோற்றுக் கஞ்சியும் வேண்டாம். பறவைக்குப் பால் செரிக்காது. கஞ்சியில் சத்துக் காணாது. குஞ்சுக்கென்று விற்கிற தீனி மாவை, கொதித்து ஆறிய நீரில் கரைத்து, 39 முதல் 41 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. சூடு கூடினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்து போகும். ஆறிப்போனதைக் கொடுத்தால் உள்ளே தேங்கிப் புளித்துவிடும். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும். 80 கிராம் குஞ்சுக்கு 8 மில்லி. குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டி வாங்கும்போது மட்டும், ஓரம் வளைத்த சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம். தீனிப்பை வற்றிய பிறகே அடுத்த வேளை. மீந்த கூழைக் கொட்டிவிடுங்கள். காலையில் தொட்டுப் பார்க்கும்போது பை இன்னும் நிறைந்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். இறகு முளைக்காத குஞ்சுக்கு இரவும் பகலும் சூடு வேண்டும். அதை எடுத்த இடத்திலேயே தாயிடம் சேர்ப்பதுதான் புத்தி.

தானாகத் தின்னும் குஞ்சுக்குத் தீனி நம் வீட்டிலேயே இருக்கிறது. தினை, சாமை, கம்பு கலந்து ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம். சூரியகாந்தி விதையை ஆசையாகத் தின்னும். கொழுப்பு அதிகம், கையிலிருந்து பரிசாக நாலைந்து கொடுத்தால் போதும். தானியம் மட்டும் போட்டு வளர்த்தால் 'ஏ' உயிர்ச்சத்துக் குறையும். ஆகவே தினமும் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், பரங்கிக்காய், முளைகட்டிய பாசிப்பயறு என்று ஏதாவது ஒன்று. நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை கேட்டு வாங்கி கூண்டில் கட்டிவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு அது.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கிளி விதையை உரித்து உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். பார்த்தால் கிண்ணம் நிறைய இருக்கும், அத்தனையும் உமி. தினமும் ஊதிப் பாருங்கள்.

இனி, விதை நேர்த்தி செய்து மீந்த விதையைக் கிளிக்குப் போடவே கூடாது. மருந்து விஷம். மருந்து அடித்த கீரை, பூசணம் பிடித்த நிலக்கடலை, உப்புப் போட்ட முறுக்கு, காப்பி, டீ, சாக்லெட், மலைப்பக்கத்தில் விளைகிற வெண்ணெய்ப் பழம், இவை எதுவும் ஆகாது.

இப்போது பழக்கத்துக்கு வருவோம். வந்த முதல் இரண்டு மூன்று நாள் கையே வைக்காதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள அறையில், பின்பக்கம் சுவரோரமாகக் கூண்டை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் போதும். பிறகு ஒரு தினைக்கதிரை நீட்டுங்கள். காய்கடையில் கிடைக்காவிட்டால் வரப்போரம் பத்துச் செடி விட்டுக்கொள்ளலாமே! கம்பி வழியாகத் தின்னும், அப்புறம் கதவு வழியாக, அப்புறம் உள்ளங்கையில். ஒரு வாரமோ மூன்று வாரமோ ஆகட்டும். கையில் தின்ன ஆரம்பித்த பிறகு, விரலை அதன் வயிற்றடியில், காலுக்கு மேலே மெல்ல ஒட்டினால் ஏறி நிற்கும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. துரத்திப் பிடித்தால் பத்து நாள் பழகியது ஒரே நாளில் போய்விடும். பிள்ளைகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

கொண்டையைப் பார்த்தே மனசு தெரிந்துகொள்ளலாம். நட்டமாக நின்றால் மிரண்டிருக்கிறது. தலையோடு ஒட்டப் படுத்து உஸ் என்று சீறினால், கையை எடுத்துவிடுங்கள். பாதி தாழ்ந்து தளர்ந்திருந்தால் சமாதானமாக இருக்கிறது. பேச்சைவிட விசில்தான் இதற்குச் சீக்கிரம் வரும், அதிலும் சேவலுக்கு.

வெளியே விடுமுன் மின்விசிறியை நிறுத்துங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், பூனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துங்கள். ராத்திரி இருட்டில் திடீரென்று மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கொசுவத்திப் புகை அதற்கு ஆகாது.

கோழிக்கொட்டகைப் பக்கம் கூண்டை வைக்காதீர்கள். ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் இதற்கும் வரும். எச்சம் காய்ந்து தூசியாகப் பறக்கிற மாதிரி பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரத்தோடு துடைத்தெடுங்கள். கிளி தொற்றிய நோய் மனிதருக்கும் வரக்கூடும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் விடாத இருமலும் கண்டால், வீட்டில் கிளி இருக்கிறது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். கிளி இறகை உப்பிக்கொண்டு தீனி தின்னாமல் உட்கார்ந்திருந்தால், நாளை பார்க்கலாம் என்று இராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.