கடல் கடந்தோரும் பிறந்த ஊரும்

வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும் வேளையிலே பல இல்லங்களில் பேச்சு நின்றுவிடுவது வழக்கம். இறந்தவர் எந்த ஊரிற் பிறந்தவர், எங்கே வசித்தவர், யாருடைய மகன், யாருடைய கணவர் என்பன முதலிற் சொல்லப்படும். அதன் பின்னர்ப் பிள்ளைகளின் பெயர்கள் வரும். ஒரு பெயருக்குப் பின் கனடா என்றும், மற்றொன்றுக்குப் பின் லண்டன் என்றும், இன்னொன்றுக்குப் பின் சுவிற்சர்லாந்து என்றும் நாடுகளின் பெயர்கள் தொடரும். ஈற்றில், கிரியை நடைபெறும் இடமும் நேரமும் கூறப்பட்டு, இவ்வறிவித்தலை உற்றாரும் உறவினரும் நண்பரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கப்படும். ஒரு குடும்பம் உலகெங்கும் சிதறியிருப்பதையும், அச்சிதறலின் நடுவே ஓர் ஊரின் பெயர் மாத்திரம் நிலைபெற்று நிற்பதையும் இச்சில வரிகள் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

அந்த ஊருக்கும் அந்நாடுகளில் வாழும் பிள்ளைகளுக்கும் இடையேயுள்ள தொடர்பு சாவு வீட்டுச் செய்தியோடு முடிந்துவிடுவதா, அன்றி வாழ்வோரிடையேயும் நீடிப்பதா என்பது சிந்திக்கற்பாலது. இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குச் சென்ற காலந்தொட்டு இருந்து வருவது.

மலாயாவின் முதற் புகையிரதப் பாதை தைப்பிங் நகரிலிருந்து வெல்ட் துறைமுகம் வரை அமைக்கப்பட்டு, 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறந்து வைக்கப்பட்டது. ஈயச் சுரங்கங்களும், பின்னர் இறப்பர்த் தோட்டங்களும் பெருகப் பெருகப் பாதைகளும் நீண்டன. அரசாங்கக் கந்தோர்களும் பலவாயின. கணக்கெழுதவும், நிலம் அளக்கவும், புகையிரத நிலையங்களை நடத்தவும் ஆங்கிலம் அறிந்தோர் வேண்டியிருந்தனர். யாழ்ப்பாணத்திலோ, 1823ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி முதலாக, மிஷன் பாடசாலைகளிற் கற்றுத் தேறிய இளைஞர் பலர் இருந்தனர். காணி சிறிது, குடும்பம் பெரிது, இலங்கையிற் கிடைத்த உத்தியோகங்களோ போதா. ஆகவே, கொழும்பிற் கப்பலேறிப் பினாங்கிலே இறங்குவது யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் பலவற்றில் ஒரு வழக்கமாயிற்று.

முதலிற் சென்றவர் ஒருவர் இருப்பின், அவருடைய தம்பியும் மைத்துனனும் அயல் வீட்டுப் பிள்ளையும் அவரை நாடிச் சென்றனர். புதிதாய் வந்தவன் ஊரவர் வீட்டிலே தங்கினான். மணமாகாத இளைஞர் பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே சமையலில் உண்டு வாழ்ந்த 'சமறி' வாழ்க்கையும் இருந்தது. ஊரின் பேச்சும், ஊரின் பூசலும், ஊரின் சாதிப் பாகுபாடுங்கூட அவ்வீடுகளுக்குள் உடன் சென்றன. காலப்போக்கிற் சங்கங்கள் தோன்றின. சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1910ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கோலாலம்பூரிலே பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1904ஆம் ஆண்டு விவேகானந்த ஆச்சிரமம் இலங்கைத் தமிழரின் முயற்சியால் எழுந்தது. அவ்வட்டாரத்திலே அவர்கள் கந்தசுவாமிக்கும் கோயில் அமைத்தனர்.

இக்காலத்தில் ஊருக்கு வந்த காசுக்கட்டளைகள் பல காரியங்களைச் செய்தன. கல்வீடுகள் எழுந்தன, தங்கைமாருக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது, தம்பிமாரின் பாடசாலைக் கட்டணம் செலுத்தப்பட்டது, கோயில்களிற் திருப்பணி நடந்தது. இளைப்பாறித் திரும்பியோர் 'மலாயாப் பென்சனியர்' என்று அழைக்கப்பட்டனர். இவர்களுட் பலர் கோயிற் தருமகர்த்தாக்களாயும் வாசிகசாலைகளை நடத்துவோராயும் விளங்கினர். ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியவர் அவர்கள் வீட்டுத் திண்ணையை நாடுவது அந்நாளில் இயல்பு.

இப்போக்குவரத்து மனிதரின் வாழ்க்கையை எவ்வளவு திருப்பியது என்பதற்கு, யாவரும் அறிந்த இருவரின் பிறப்பும் வளர்ப்பும் சான்றாகும். சா. ஜே. வே. செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மலாயாவில் ஈப்போ நகரிலே பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயாரால் தெல்லிப்பழைக்கு அழைத்து வரப்பெற்று, அங்கே கற்று, இலங்கைத் தமிழரின் அரசியற் தலைவரானார். சி. இராஜரத்தினமோ 1915ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிற் பிறந்தவர். மலாயாவில் வாழ்ந்த அவர் பெற்றோர், மூத்த பிள்ளையை இழந்த துயரினால், மங்கலம் கருதி அடுத்த பிள்ளை ஊரிலே பிறத்தல் வேண்டுமென விரும்பினர் என்பர். அக்குழந்தை சில மாதங்களுள் மலாயாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிரம்பானில் வளர்ந்து, பிற்காலத்திற் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சராயிற்று. ஒருவர் அங்கே பிறந்து இங்கே வேரூன்றினார். மற்றவர் இங்கே பிறந்து அங்கே வேரூன்றினார். பிறந்த இடத்தினாலன்றி, வளர்ந்து பழகிய மாந்தராலேயே ஊர் என்பது ஒருவனுக்கு அமைகின்றது என்பதை இவ்விருவர் வாழ்வும் உணர்த்துகின்றன.

1942ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1945ஆம் ஆண்டு யுத்தம் முடியும் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கடிதமும் இல்லை, காசும் இல்லை. கணவன் உயிரோடிருக்கின்றானோ என்று அறியாத மனைவியரும், மாதந்தோறும் வந்த காசுக்கட்டளையை நம்பியிருந்த முதியோரும் யாழ்ப்பாணத்து வீடுகளிலே காத்திருந்தனர். அந்நாள்வரை கடலுக்கு அப்பாலிருந்து ஊரைத் தாங்கியோரின் குடும்பங்களை அப்பொழுது தாங்க வேண்டிய கடன் உறவினரையும் அயலவரையும் சார்ந்தது. கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம் என்று தொடர்பைப் பிரித்து வைத்தல் தவறு என்பதை அக்காலம் காட்டிற்று.

யுத்தத்தின் பின்னர்த் தொடர்பு மீண்டது. எனினும், 1957ஆம் ஆண்டு மலாயா சுதந்திரம் பெற்ற பின்னர், அங்கே பிறந்த பிள்ளைகள் அந்நாட்டின் குடிகளாய் நிலைபெற்றனர். அது முறையே. ஆயின், தந்தை இறந்ததும் ஊருக்குச் சென்ற கடிதமும் நின்றுபோன குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைகளுக்கு ஊரின் பெயர், கோயில் நிழற்படத்தின் கீழ் எழுதப்பட்ட ஒரு சொல்லாய் மாத்திரம் எஞ்சிற்று. இவ்வாறு ஆனதன் காரணம் அன்பின் குறைவன்று. தந்தை காசு அனுப்பினார், கடிதமும் எழுதினார், பதிலும் பெற்றார். ஆயின் அப்பதில் அவர் ஒருவருக்கே வந்தது. பிள்ளைகளை அறிந்தவர் ஊரிலே இல்லை. ஊரிலுள்ள எவரையும் பிள்ளைகள் அறியார்.

அதே மலாயா நகரங்களில் யாழ்ப்பாணத்தாரின் அயலவராய் வாழ்ந்த சீனரிடையே நிலவிய ஒரு வழக்கம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தென்சீனத்துக் குவாங்டொங், பூஜியன் மாகாணங்களிலிருந்து வந்தோர், ஊருக்கு அனுப்பும் பணத்தையும் கடிதத்தையும் ஒன்றாகவே அனுப்பினர். இதனைச் 'சியாவ்பி' என்பர். பணத்தைக் கொண்டு சென்றவர், அதனை வீட்டாரிடம் சேர்ப்பித்து, அவர்கள் எழுதிக் கொடுத்த பதிற் கடிதத்தைப் பெற்று, அனுப்பியவரிடம் மீளச் சேர்ப்பித்தார். பணம் சேர்ந்தது என்பதற்கு அப்பதிலே அத்தாட்சி. அரிசியின் விலையும், பிள்ளையின் படிப்பும், தாயின் நோயும் அப்பதில்களினால் அறியப்பட்டன. இக்கடிதத் தொகுதிகளை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் 2013ஆம் ஆண்டு உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது. காசு, கடிதம், பதில் என்னும் மூன்றும் ஒரே கட்டாய் இயங்கின என்பதே அவ்வழக்கத்தின் சிறப்பு.

இலங்கைத் தமிழரின் இரண்டாவது பெரும் புறப்பாடு உத்தியோகத்தின் பொருட்டு நிகழ்ந்ததன்று. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்து வன்செயல்களின் பின்னரும், 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை நீடித்த யுத்த காலத்தும், உயிர் தப்பும் பொருட்டே பலர் கனடாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றனர். தொலைபேசி இணைப்பில்லாத ஊர்களிலிருந்து பெற்றோர் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் வந்து, மகனின் குரலைச் சில நிமிடம் கேட்கத் தொலைத்தொடர்பு நிலையங்களிற் காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். காசு 'உண்டியல்' வழியாக வந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் எழுந்தன. யுத்தத்தால் அழிந்த பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் அச்சங்கங்கள் செய்த உதவி பெரிது.

ஆயினும், இங்கே ஓர் இடர் உண்டு. ஊரை விட்டு ஓடியவரின் மனத்தில், புறப்பட்ட நாளின் ஊரே நிலைத்து நிற்கும். மதவடியில் இருந்த கடையும், பெயர் சொல்லி அழைத்த ஆசிரியரும், ஆள் நிறைந்த தேர்த் திருவிழாவும் அங்கே மாறாமல் இருக்கும். ஊரோ மாறிவிட்டது. அவர் அறியாத பிள்ளைகள் அப்பாடசாலையிற் கற்கின்றனர். வேறிடத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோர் அயல் வளவில் வாழ்கின்றனர். நினைவிலுள்ள ஊருக்கு அனுப்பப்படும் காசு, இருக்கின்ற ஊரின் தேவைக்குப் பொருந்தாது போவதும் உண்டு. கோபுரம் உயர்கின்றது, அதே வீதியிலுள்ள பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை. நுழைவாயில் வளைவு கட்டப்படுகின்றது. தூர இடத்து மாணவிக்குச் சைக்கிள் இல்லை.

பூட்டிய வீடுகளின் நிலையும் இத்தகையதே. 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தோர் பலர் திரும்பாமையால், தீவகத்து ஊர்கள் பலவற்றிற் பாழடைந்த வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் இன்றும் உள்ளன. பிறநாட்டில் வாழும் உரித்தாளிக்கு அது தாய் தந்தையர் வாழ்ந்த வீடு. விற்க மனம் வருவதில்லை. அயலிலிருப்பவருக்கோ அது பாம்பு அடையும் பற்றையும், நுளம்பு பெருகும் கிணறும் ஆகும். ஐந்து பிள்ளைகள் நான்கு நாடுகளில் இருப்பின், பங்கு பிரிக்கப்படாத காணிக்கு ஐவரின் கையொப்பமும் வேண்டும். பெற்றோர் உள்ளபோதே பங்கைப் பிரித்துக்கொள்ளுதலும், ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துக் கிணற்றையும் வேலியையும் பேணச் செய்தலும், குடியிருக்க வீடில்லாத குடும்பம் ஒன்றை எழுத்து மூல உடன்பாட்டுடன் அங்கே இருத்துதலும் செய்யக்கூடியனவே. இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை.

ஆகவே, கடல் கடந்தோர் ஊருக்குக் கொடுக்குமுன் கேட்டல் வேண்டும். சங்கத் தலைவரை மாத்திரமன்றி, அங்கே இப்பொழுது கற்பிக்கும் ஆசிரியையையும், மருத்துவத் தாதியையும், கமக்காரரையும் கேட்டல் வேண்டும். ஒருமுறை கொடுக்கும் பெருங்கொடையிலும், ஆண்டுதோறும் தவறாது செல்லும் சிறுதொகை ஊருக்கு நம்பிக்கை தரும்.

ஊரிலிருப்போருக்கும் கடமை உண்டு. வந்த காசின் கணக்கைக் கேளாமலே எழுதி அனுப்புதல் வேண்டும். வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் நேர்மையும் வேண்டும். வெளிநாட்டிலுள்ளோர் மனம் நோகுமென்று எண்ணி யாவற்றுக்கும் தலையசைத்தல், அவர்களைத் தொடர்ந்தும் அந்நியராய் வைத்திருப்பதேயாகும்.

இரு பக்கத்தாரும் ஒருங்கு உழைத்தாற் பயன் விளையும் என்பதற்கு, 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலக முயற்சியைக் காட்டலாம். ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் சிறப்பு மலர்களும் அங்கே எவரும் வாசிக்கக்கூடியவாறு பேணப்படுகின்றன. தேடிச் சேர்ப்போரும், பக்கம் பக்கமாய்ப் படியெடுப்போரும், பொருள் தருவோரும் பல நாடுகளில் உள்ளனர். எங்கோ பிறந்த பேத்தி ஒருத்தி தன் பாட்டனார் கற்ற பாடசாலையின் மலரை அங்கே திறந்து பார்க்கலாம்.

ஆனால் அப்பேத்திக்கு மலர் மாத்திரம் போதாது; ஊரில் ஓர் ஆள் வேண்டும். மலாயாக் குடும்பங்களிற் தந்தையோடு தொடர்பு அறுந்தமை இதனைத்தான் கற்பிக்கின்றது. விடுமுறையில் ஊருக்கு அழைத்து வரப்படும் பிள்ளையைக் கோயிலுக்கும் கடற்கரைக்கும் கொண்டு சென்று காட்டியதோடு நில்லாமல், தன் வயதொத்த ஒரு பிள்ளையோடு பழகவிடுதல் நன்று. இருவருக்கும் பொதுவான மொழி சிறிதாயினும், இக்காலத்துத் தொலைபேசி அதனை வளர்க்க உதவும். தந்தையின் நினைவை மகள் முழுமையாய்ப் பெறல் இயலாது. தனக்கெனச் சிநேகிதி ஒருத்தியைப் பெறல் இயலும்.

என்றோ ஒரு நாள் அத்தந்தையின் பெயரும் வானொலியில் வாசிக்கப்படும். பிறந்த ஊரின் பெயர் முதலில் வரும். பிள்ளைகளின் நாடுகள் பின்னர் வரும். அவ்வேளையில் ஊரிலே வானொலியைக் கேட்டிருக்கும் ஒருவர், மகளின் பெயரைக் கேட்டதும் அவளை முகமறிந்து, தொலைபேசியை எடுத்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்வாராயின், அவ்வறிவித்தல் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகும்.