துயர்ச் செய்தி வரும் நாளில்



1948-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் மாலை. டில்லியில் பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்குச் சென்ற காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிவினையால் வீடிழந்த மக்கள் தலைநகரெங்கும் நிறைந்திருந்த காலம் அது. இரு சமயத்தாரிடையே அமைதி வேண்டி அடிகள் மேற்கொண்ட உண்ணாநோன்பு முடிந்து பன்னிரண்டே நாட்கள் ஆகியிருந்தன. "கொன்றவன் யார்?" என்ற வினாவுக்கு வதந்தி விடை கூறியிருப்பின், எத்தனை உயிர்கள் மாய்ந்திருக்குமோ!

வானொலி முந்திக்கொண்டது. சுட்டவன் ஓர் இந்து என்று அன்று மாலைச் செய்தியிலேயே அறிவித்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அச்சிறு தொடரை எண்ணுந்தோறும் வியப்பு உண்டாகிறது. அணியோ அழுகையோ அதில் இல்லை. ஆயினும் அது பல இல்லங்களைக் காத்தது.

மறுநாள் பல இலட்சம் மக்கள் யமுனைக் கரைவரை திரண்டு நின்று அடிகளுக்கு விடை கொடுத்தனர். பிப்ரவரி 12-ஆம் நாள் திரிவேணி சங்கமத்தில் அஸ்தி கரைக்கப்பட்டது. குமரிக் கடலிலும் ஒரு பகுதி கரைக்கப்பட்டது. அங்கே கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் 1956-இல் எழுந்த மண்டபத்தை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள்.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. கொலையாளி மராட்டியப் பிராமணன் என்று தெரிந்ததும், சதாரா, கோலாப்பூர் முதலிய இடங்களில் குற்றமறியாப் பிராமணர்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. அகிம்சையின் திருவுருவுக்கு இம்சையால் அஞ்சலி! ஓரிடத்தில் தீயைத் தடுத்த உண்மை, வேறோரிடத்தில் தீ வைக்கச் சாக்காயிற்று. ஒருவன் பழியை அவன் குலத்தார் அனைவர்மேலும் ஏற்றும் வழக்கமே இதற்குக் காரணம்.

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. எங்கோ ஒருவன் செய்த குற்றத்துக்காக, அவன் மொழி பேசும் கடைக்காரரும் குமாஸ்தாவும் அஞ்சிக் கதவடைக்க நேரலாம். இன்று அந்த அச்சம் அண்டை வீட்டாருடையது, நாளை நம்முடையதாகலாம்.

ஆதலின் துயர்ச் செய்தி வரும் நாளில், கேட்டதை ஆராயாமல் பிறருக்குச் சொல்லாதிருப்போம். அஞ்சி வருவோருக்குக் கதவைத் திறப்போம். அழுவதற்குப் பின்னரும் நேரமுண்டு; காப்பதற்கு அந்த நாழிகைதான் உண்டு.